கவிழ்த்து ஏற்றிய கட்டில்

அக்காவின் கட்டிலைக் காரின் கூரைமேல் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனது ஆவணி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை. திருவண்ணாமலையில் புறப்பட்டபோது காலை ஏழு மணி நாற்பது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. வழியில் மூன்று இடங்களில் நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இவ்வளவும் என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுவேன். செங்கம் ரோட்டில் ஒரு கடை மூடினாலும், அதே இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் காப்பிக் கடை திறந்தாலும் எழுதுவேன். பழைய பயணக் குறிப்புகளையும் கல்வெட்டு நூல்களையும் படித்துப் படித்து, தேதி இல்லாத சேதி சேதியே இல்லை என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா, தன் கணவர் இறந்தபின் என்னோடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பத்தொன்பது வருடமாகிறது.

அவள் வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு தேக்குக் கட்டிலும்தான் கூட வந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவள் கணவரின் அண்ணன் தம்பிகள் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, பீரோ, மேசை, பாத்திரம் என்று வீட்டைத் துடைத்து எடுத்துப் போனார்கள். அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் மட்டும் எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது என்பதால் அதில் யாரும் கை வைக்கவில்லை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், நாடா பின்னிய கட்டில். அன்றுமுதல் அவள் வேறெதிலும் படுத்ததில்லை.

அக்காவுக்கு மறதி தொடங்கி ஐந்து வருடமாகிறது. எதை எப்போது மறந்தாள் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலில் போனது சமையலில் எதற்குப் பின் எது என்ற வரிசை. அடுத்துக் கிழமை. பிறகு தெரு. ஒரு பங்குனி மாதத்துக் காலையில், "அவர் இன்னும் வரலியாடா?" என்று கணவரைக் கேட்டாள். இறந்துவிட்டார் என்று சொன்னேன். அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பவள்போல் அழுதாள். அதன்பின் அவள் கேட்கும்போதெல்லாம் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிவிடுவேன்.

என்னை மட்டும் அவள் மறக்கவில்லை. மறதிக்காக வேலூரில் பார்த்த டாக்டர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். "இது கூடவா கேப்பாங்க? எந்தம்பி. வாத்தியாரு. ஆனா கைலி கட்டத் தெரியாது, நடக்கறப்பவே அவுந்துடும்" என்றாள். டாக்டரும் சிரித்தார். போகப்போக எல்லாம் போகும் என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். தலையாட்டினேனே தவிர, எனக்கு அது பொருந்தும் என்று மனது ஏற்கவில்லை. தினமும் காலையில் காப்பியை நீட்டும்போது அவள் என்னை "டா" போட்டுக் கூப்பிடுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கூப்பிட்டுவிட்டால் அன்றைய பொழுது எனக்கு ஓடிவிடும்.

ஆடிப் பௌர்ணமியன்று விடியற்காலையில் அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். எங்கள் தெருமுனையே கிரிவலப் பாதைதான். லட்சக்கணக்கான ஜனம் ஒரே பக்கமாக நடந்துகொண்டிருக்கிறது, அதில் வெள்ளைச் சேலை கட்டிய கிழவிகள் எத்தனையோ பேர். ஐந்து மணிக்குப் போனவள் பன்னிரண்டு மணிக்கு அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு தண்ணீர்ப் பந்தலில் கிடைத்தாள். காலில் செருப்பில்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்திருந்தன. என்னைப் பார்த்ததும், "எல்லாரும் போறாங்களேன்னு போனேன். நீ எங்கடா நின்னுட்ட?" என்றாள்.

அன்று மாலையே அவளுடைய ஒரே மகள் வேலூரிலிருந்து வந்துவிட்டாள். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அடுத்த பௌர்ணமிக்குள் அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. "உங்களுக்கும் அறுபத்தொம்பது ஆவுது மாமா. இன்னொரு தடவ காணாமப் போனா உங்களால ஓட முடியாது" என்றாள். அவள் சொன்னது சரி.

சிக்கல் கட்டிலில் வந்தது. முந்தைய வருடம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று இரவும் கண்ணை மூடவில்லை. ஊசி போட்டும் தூங்கவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்து தன் கட்டிலில் சாய்ந்தவள் பதினொரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதனால் கட்டிலும் வேலூர் போயாக வேண்டும். ஒரு சின்ன லாரியை வரவழைத்தேன். கட்டிலை அதில் ஏற்றியதைப் பார்த்ததும் அக்கா சக்கரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதையும் எடுத்துட்டுப் போறீங்களா?" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எத்தனை பேர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் போட்டபின்தான் எழுந்தாள். கழற்றிக் காருக்குள் வைக்கலாம் என்றால், ஆப்பு அடித்துச் சேர்த்த பழைய கட்டில், கழற்றினால் மறுபடி சேராது என்று ஆசாரி சொல்லிவிட்டார்.

ஒரே வண்டியில் அவள் கீழேயும் கட்டில் மேலேயும் போனால் போவாள் என்று எனக்குத் தோன்றியது. உன் கட்டில் உன் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டலாம். என்னிடம் இருபத்திரண்டு வயதான ஒரு சிறிய கார் இருக்கிறது. அதற்கு மேல்கேரியர் கிடையாது. இந்தக் காலத்து வண்டிகளுக்கு விற்கிற கேரியர் இதற்குப் பொருந்தாது. பொருந்துவதைத் தருவித்தால் காரின் விலையில் பாதி ஆகும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை போளூர் ரோட்டில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார பாய் எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். அவர் குடும்பம் நாலைந்து தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தக் கதவு எப்போது பழுதாகும் என்பது வரை அவருக்குத் தெரியும். காரைச் சுற்றி ஒருமுறை வந்து, கூரையின் ஓரத்தை விரலால் தடவினார். கதவுகளுக்கு மேலே, மழைத் தண்ணீர் வழிந்து ஓட வாய்க்கால்போல ஒரு மடிப்பு ஓடுகிறது.

"இது இருக்கறதால பொழச்சீங்க சார். இப்ப வர்ற வண்டிக்கு இந்த மடிப்பே இல்ல. கேரியரோட நாலு காலையும் இதுல மாட்டிக் கவ்வ வெச்சிடலாம். வெயிட்டு தகட்டு மேல ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா உங்க கார் அப்பளம்தான்."

பட்டறையின் பின்னால் ஒரு பழைய டாக்ஸியின் கேரியர் துருப்பிடித்துக் கிடந்தது. அதை வெட்டிச் சின்னதாக்கினால் போதும், புதுக் கம்பி எதுவும் வாங்க வேண்டியதில்லை என்றார். அளவு எடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க டேப்போடு அலைந்தேன். கூரையின் அகலம் முன்னால் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, மடிப்பின் ஆழம், கதவு திறக்கும்போது வேண்டிய இடைவெளி, கட்டிலின் நீளம், அகலம், சட்டத்தின் கனம் என்று பதினோரு அளவுகள். மூன்று முறை எடுத்து ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டு, "வீடு கட்டறவன் கூட எனக்கு இப்படிக் குடுத்ததில்ல" என்று பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

புதன்கிழமை காலை வேலை தொடங்கியது. பத்து மணி என்று சொல்லியிருந்தவர் பத்தே காலுக்கு வந்தார். வரும்போதே, "டைரில போட்டுக்குங்க சார், பாய் கால் மணி நேரம் லேட்டு" என்றார். உண்மையில் அதற்குமுன்பே மனதுக்குள் குறித்துவிட்டிருந்தேன். பழைய கேரியரின் நடுக்கம்பிகளை வெட்டி, என் அளவுக்கு ஒட்டவைத்தார். நான்கு ஓரத்திலும் கால் வைத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் கொக்கிபோல் வளைத்த பட்டையைப் போல்ட்டு போட்டுப் பொருத்தினார். பட்டை மடிப்பின் அடிப்பக்கத்தைக் கவ்வும், போல்ட்டை முறுக்க முறுக்கப் பிடி இறுகும். இரும்பு பெயின்ட்டைக் கீறாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்தார். எல்லாம் முடிந்தபின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கார் முழுவதும் ஆடியது, கேரியர் மட்டும் அசையவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்தோம். அக்கா பக்கத்து வீட்டில் இருந்த நேரம். பாயும் நானும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கிக் கேரியர்மேல் வைத்துப் பார்த்தோம். அது உட்காரவில்லை. கட்டிலின் நான்கு கால்களும் கேரியருக்கு வெளியே தொங்கின. முன்கால்கள் கண்ணாடியில் இடித்தன. பின்கால்கள் கூரைத் தகட்டைத் தொட்டன. பதினோரு அளவு எடுத்தவன் கட்டில்காலின் உயரத்தை எடுக்கவில்லை.

பாய் கட்டிலைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, கேரியரை ஒரு சாண் உயர்த்தி, நான்கு பக்கமும் காலை நிறுத்த நான்கு கிண்ணம் வைத்து வெல்ட் பண்ணிவிடலாம், கட்டில் வீட்டில் கிடக்கிற மாதிரியே நிமிர்ந்து போகும் என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். மறுநாள் வியாழன், அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக் கேட்டு வேலை, அதைத் தள்ள முடியாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பட்டறையைத் திறந்தால் சாயங்காலம் ஆகிவிடும். சனிக்கிழமை காலை கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பௌர்ணமி. காலையிலேயே வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், எங்கள் தெருவிலிருந்து கார் எடுக்க முடியாது. அதோடு அக்காவின் மகள் கேட்ட கெடுவே அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரமாக முடித்துக் கொடுத்தாலும், வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் அக்கா என்றைக்கும் பார்ப்பாள். நான் ஏற்கெனவே வியாழக்கிழமை என்று முடிவு செய்து நாட்குறிப்பில் எழுதியும் விட்டேன். வேலூருக்குச் சொல்லியும் ஆயிற்று, மகள் லீவு போட்டிருந்தாள்.

"கவுத்துப் போட்டுக்கலாம் பாய். கால் மேல இருக்கட்டும். பலக மாதிரி தட்டையா உக்காந்துக்கும்."

பாய் என்னைப் பார்த்தார். "கவுத்தா சார்?" என்று கேட்டார். கட்டிலின் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க வூட்டுல அப்டி வெக்க மாட்டாங்களே. அக்கா பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார்.

"அக்காவுக்கு அதெல்லாம் இப்பத் தெரியாது" என்று சொன்னேன்.

சொன்ன நேரம் புதன்கிழமை மூன்றே முக்கால். இது நாட்குறிப்பில் இல்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் இறந்தவர் படுத்திருந்த கட்டிலைக் கழுவி, கால்கள் மேலே இருக்கும்படி கவிழ்த்து வாசலில் போடுவார்கள். பால் தெளிக்கும் சடங்கு முடியும்வரை அதை நிமிர்த்துவதில்லை. மற்றபடி எந்த நாளிலும் கட்டிலைக் கவிழ்க்க மாட்டார்கள். சிறுவயதில் நான் கட்டிலைக் கவிழ்த்துக் கப்பல் விட்டு விளையாடியதற்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள், அக்காதான் இடையில் புகுந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். இவ்வளவும் தெரிந்த நான்தான் அப்படிச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக எதையெல்லாம் மறந்தாள் என்று ஐந்து வருடமாக எழுதி வந்தவன், எதெல்லாம் மிச்சம் இருக்கிறது என்று ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை ஏழரை வரை எமகண்டம். அது முடிந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. பாய் கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஆறேமுக்காலுக்கே வந்துவிட்டார். அக்கா கொல்லைப்புறத்தில் பக்கத்து வீட்டம்மாவின் துணையோடு குளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கட்டிலைக் கவிழ்த்து ஏற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். பாய் ஒவ்வொரு முடிச்சையும் தன் கையாலேயே போட்டார். வழியில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்றும், போல்ட்டு தளர்ந்தால் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார்.

அக்கா வெளியே வந்தாள். கழுத்தில் பவுடர், கையில் கைப்பை. பக்கத்து வீட்டம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். படியிறங்கும்போது அக்கா தலையை நிமிர்த்திக் காரைப் பார்த்தாள். நான்கு கட்டில்கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. அவள் அங்கேயே நின்றாள்.

"யாரு போயிட்டாங்க?"

யாரும் போகவில்லை, நாம் வேலூர் போகிறோம், உன் கட்டிலும் கூட வருகிறது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்கள் கட்டில்மேலேயே இருந்தன.

"காலைலேர்ந்து எந்தம்பியக் காணோம். காப்பி குடுக்க வரல. அப்பவே எனக்கு என்னமோ பண்ணுச்சு."

அன்று காலை காப்பியைப் பக்கத்து வீட்டம்மாதான் கொடுத்தார். நான் கயிறு தேடிக்கொண்டிருந்தேன்.

"நாந்தாங்க்கா. இங்கதான நிக்கறேன்" என்றேன். அவள் கையைப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமோ பயமோ இல்லை. துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். பாய் சட்டென்று கயிற்றை அவிழ்க்கப் போனார். நிமிர்த்திக் காட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார். அதற்குள் அக்கா தானாகவே பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்னோடு போகும்போதெல்லாம் முன்சீட்டில்தான் உட்காருவாள்.

பாய் என் பக்கத்தில் வந்தார். "இப்ப எறக்கினா மறுபடி ஏற மாட்டாங்க சார். போங்க. அங்க போய் நிமித்திட்டா சரியாப் பூடும்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஊரைத் தாண்டினோம். கலசப்பாக்கம் நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாத்து ஓட்டுங்க. அவன் படுத்த கட்டில்."

சரி என்றேன். கலசப்பாக்கத்தில் நிறுத்திக் கயிற்றையும் போல்ட்டுகளையும் பார்த்தேன். ஒரு போல்ட்டு அரைச் சுற்று முறுக்கு ஏற்றுக்கொண்டது. திரும்ப உட்கார்ந்து வண்டியை எடுத்ததும் அவள் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வாடகை வண்டி ஓட்டுகிறவரிடம் துக்கக்காரர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. சின்ன வயதில் அவனுக்கு இருட்டென்றால் பயம், கொல்லைக்குப் போகவும் அவள் துணைக்கு வர வேண்டும். பத்தாவதில் ஜில்லாவிலேயே நல்ல மார்க். ஒரு பெண்ணைப் பார்க்கப் போய், அந்தப் பெண்ணின் அப்பாவிடம் ஊர்ப் பெயர்க் காரணம் கேட்டு மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் பெண்ணைப் பார்க்காமலே திரும்பி வந்தான். இதெல்லாம் உண்மை. கடைசியாகச் சொன்னதை நானே மறந்திருந்தேன்.

போளூரில் இரண்டாம் முறை நிறுத்தினேன். அப்போது நான் அவளிடம் கேட்ட கேள்வியை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். "தம்பி உங்களை நல்லாப் பாத்துக்கிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "பாத்துக்கிட்டான். ஆனா எப்பப் பாத்தாலும் எழுதிக்கிட்டே இருப்பான். நான் எதுனா கேட்டா, இத நேத்தும் கேட்டன்னு சொல்லுவான். கேட்டா என்ன, இன்னொரு தடவ சொன்னா என்ன கொறஞ்சிடும்?" என்றாள். சற்றுக் கழித்து, "பாவம், அவனுக்கும் யாரு இருந்தாங்க" என்றாள்.

கண்ணமங்கலத்தில் மூன்றாம் முறை நிறுத்தினேன். அங்கே கயிறும் போல்ட்டும் சரியாக இருந்தன. ஆனாலும் காருக்கு வெளியே ஏழு நிமிடம் நின்றேன்.

வேலூரில் மகள் வாசலிலேயே காத்திருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டிலை இறக்கி, நிமிர்த்தி, ஜன்னல் ஓரமாகப் போட்டார்கள். மகளை அக்காவுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் தோளில் சாய்ந்து, "மாமா போயிட்டான்டி" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கை காட்டினேன். கட்டில் நிமிர்ந்தால் சரியாகிவிடும் என்று பாய் சொன்னதை நான் அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள், நாடாவைக் கையால் தடவினாள், படுத்தாள். பத்து நாற்பதுக்குத் தூங்கிவிட்டாள். எதற்காகப் பாடுபட்டோமோ அது நடந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "அம்மா தூங்கறப்பவே கெளம்பிடுங்க மாமா. முழிச்சிப் பாத்து, கூட வர்றேன்னு நின்னாங்கன்னா கஷ்டம்" என்றாள் மகள். அப்படி நிற்க மாட்டாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேலூரைத் தாண்டி வேகம் கூடியதும், மேலே காலிக் கேரியரில் காற்று புகுந்து ஊளையிட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. கடைசிவரை முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை பௌர்ணமியன்று கதவைப் பூட்டாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஜனம் நடந்துகொண்டே இருந்தது.

மகள் தினமும் போன் செய்தாள். அக்கா நன்றாகத் தூங்குகிறாள், இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறாள், கதவுப் பக்கமே போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் புதிது. காலையில் எழுந்ததும், "இன்னிக்கு எத்தினியாவது நாளு?" என்று கேட்கிறாள். முதல் இரண்டு நாள் மகளுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்தாயிற்றா என்று கேட்டபோதுதான் புரிந்தது. கிழமை தெரியாத அக்கா, நாள் எண்ணத் தொடங்கியிருந்தாள். எனக்கு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மகள் தயங்கித் தயங்கிப் பேசினாள். பதினாறாம் நாள் என்றைக்கு வருகிறது, யார் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன சமைக்க வேண்டும் என்று அம்மா விடாமல் கேட்கிறாள், இல்லையென்று சொன்னால் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள் என்றாள். "உயிரோட இருக்கறவங்களுக்கு எப்பிடி மாமா? எனக்கு வாய்ல சொல்லவே வரல" என்று அழுதாள். வியாழனிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறது என்று நான் சொன்னேன். யாரையும் கூப்பிட வேண்டாம், அய்யரெல்லாம் வேண்டாம், அக்கா சொல்கிறதைச் சமைத்து ஒரு இலை போட்டுவிடு, அவள் மனசு ஆறட்டும் என்றேன். நானும் வருகிறேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வேலூர் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. அதன் முன்னால் ஒரு இலை. படம் எதுவும் வைக்கவில்லை. அம்மா கேட்டாள், கைவசம் இல்லையென்று சொல்லிவிட்டேன் என்று மகள் என் காதோரம் சொன்னாள். இலையில் வாழைக்காய் வறுவல், அவரைக்காய்ப் பொரியல், மொச்சை போட்ட குழம்பு, வடை, பாயசம் இருந்தன. அவ்வளவும் எனக்குப் பிடித்தவை. எதுவும் விட்டுப்போகவில்லை. கற்பூரம் காட்டி, மாடிக்குப் போய்க் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்த அக்கா, வாசல் ஓரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"கட்டில் கொண்டாந்தவருதான நீங்க. வாங்க. உக்காருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றாள்.

உட்கார்ந்தேன். அவளே பரிமாறினாள். மகள் கரண்டியை வாங்க வந்தபோது தரவில்லை. வாழைக்காய் வறுவலை இரண்டு முறை வைத்தாள். அவ்வளவு தூரம் வந்தும் கட்டிலில் ஒரு கீறல் இல்லை, அவள் புருஷன் வீட்டு லாரிக்காரன் ஒருத்தன் பீரோவின் கண்ணாடியையே உடைத்தான், நீங்கள் அப்படி இல்லை என்று மகளிடம் என்னைப் பாராட்டினாள். நான் தலைநிமிராமல் சாப்பிட்டு முடித்தேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடி, "திரும்பிப் போறப்ப வண்டி காலியாத்தான் போவுமா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"அப்ப சீக்கிரம் கெளம்புங்க. வூட்ல யாருனா காத்துட்டிருப்பாங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது மணி ஒன்று பத்து.